உட்கார ஓர் இடம்

ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குச் சேலை எடுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். எங்களுக்கு எடுத்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. ஒரு மணி நேரத்தில் ஐம்பது சேலையாவது விரித்துக் காட்டியிருப்பார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே இருந்தார். அம்மா கவனித்துவிட்டார்.

"கொஞ்ச நேரம் உட்காரேம்மா."

"உட்காரக் கூடாதும்மா. கேமரா இருக்கு" என்று கண்ணால் மேலே காட்டினார் அந்தப் பெண்.

கடையில் ஸ்டூலுக்குப் பஞ்சமில்லை. அம்மா உட்கார்ந்திருந்ததே அந்தக் கடை கொடுத்த ஸ்டூலில்தான். அது வாடிக்கையாளருக்கு, வேலை பார்ப்பவருக்கு இல்லை.

'பன்முகத்தன்மை, சமநீதி, உள்ளடக்கம்' என்ற மூன்று சொற்கள் இன்று கம்பெனிக் கூட்டங்களிலும் செய்திகளிலும் அடிக்கடி அடிபடுகின்றன. ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டி.இ.ஐ.' என்பார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபராக மீண்டும் பொறுப்பேற்ற டொனால்ட் டிரம்ப், அரசுத் துறைகளில் இந்தத் திட்டங்களை நிறுத்த உத்தரவிட்டபோது நம் ஊர் ஐ.டி. ஊழியர்களிடையேயும் அது பேச்சானது. பெயர் வெளியிலிருந்து வந்ததால், இது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிகளின் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. அந்த ஜவுளிக்கடை ஸ்டூலில் இந்த மூன்று சொற்களுமே இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்கலாம்.

மூன்று சொற்கள், ஒரு கடை

பன்முகத்தன்மை என்பது, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. ஒரு கடையில் நூறு பேர் வேலை பார்த்தால், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், எந்தெந்தச் சமூகத்தவர், எந்தெந்த மதத்தவர், மாற்றுத்திறனாளி ஒருவராவது உண்டா, திருநங்கை ஒருவராவது உண்டா? கேள்வி தலையை எண்ணுவதோடு முடிவதில்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தரை துடைப்பவர்கள் எல்லோரும் ஒரு சமூகம், கல்லாவில் இருப்பவர்கள் எல்லோரும் இன்னொரு சமூகம், சேலை விரிப்பவர்கள் பெண்கள், மேனேஜர் அறையில் இருப்பவர்கள் ஆண்கள் என்றால், அந்த நூறு பேரில் எத்தனை வகை மனிதர்கள் இருந்தாலும் அது பன்முகத்தன்மை ஆகாது.

சமநீதி என்பது, உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அவர் வேலையைச் செய்யத் தேவையானது கிடைக்கிறதா என்ற கேள்வி. இதைச் சமத்துவத்தோடு குழப்பிக்கொள்வது சுலபம். ஓர் உதாரணம் பாருங்கள். எல்லோருக்கும் தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம் என்று ஒரு கடை விதி வைக்கிறது. ஆண், பெண் வித்தியாசம் இல்லாத விதி. ஆனால் ஆண்களுக்குக் கழிவறை எல்லா மாடியிலும் இருக்கிறது. பெண்களுக்கு நான்காவது மாடியில் மட்டும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கானது. பெண்ணின் பதினைந்து நிமிடம் படிக்கட்டிலேயே கரைந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தால் சமத்துவம். படிக்கட்டைப் பார்த்தால் அநியாயம். அந்தப் படிக்கட்டையும் கணக்கில் எடுப்பதுதான் சமநீதி.

உள்ளடக்கம் என்பது, உள்ளே இருப்பவர் தன்னை மறைக்காமல், பயப்படாமல், நம்மில் ஒருவராக இருக்க முடிகிறதா என்ற கேள்வி. குறை இருந்தால் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? சொன்னால் காது கொடுப்பார்களா? சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காருவார்களா?

முதல் கேள்வி வாசலைப் பற்றியது. இரண்டாவது, வசதியைப் பற்றியது. மூன்றாவது, மரியாதையைப் பற்றியது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நிற்காது.

வாசலை யார் திறந்தது?

வாசல் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டு அனுபவம் இருக்கிறது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1921-இல், சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை வந்தது. 1928-இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் அது நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கு எளிமையானது. 12 அரசுப் பணியிடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. இன்றைய கண்ணுக்கு அந்த ஒன்று எவ்வளவு குறைவு என்று தெரிகிறது. ஆனால் அரசு அலுவலகத்தின் நாற்காலிகளை எண்ணிப் பார்த்து, யாருக்கு இடமே இல்லை என்று கேட்கும் பழக்கம் அப்போது வந்தது.

இந்த அரசாணை, சுதந்திரத்துக்குப் பிறகு கல்லூரிச் சேர்க்கை வழக்கொன்றில் செல்லாது என்று தீர்ப்பானது. தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பு, 1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணமானது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அப்படி வந்ததுதான். இன்று தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். 1989-இலிருந்து அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கப்பட்டது. 2009-இல் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் கடைசியில் நிற்பவர் யார் என்று கேட்டதன் விளைவு அது.

இவ்வளவும் அரசு வேலைக்கும் படிப்புக்கும்தான். தனியார் வேலைக்குச் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு கிடையாது. அங்கே வாசல் எப்படித் திறக்கிறது?

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு அறிஞர்கள் 2007-இல் வெளியிட்டது. 66 வாரங்கள், ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுபோலவே இருக்கும். பெயர் மட்டும் மாறும். சில உயர்சாதி இந்துப் பெயர்கள், சில தலித் பெயர்கள், சில முஸ்லிம் பெயர்கள். நேரில் பார்க்காமல், பேசாமல், காகிதத்தை மட்டும் வைத்து யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே என்று தோன்றலாம். உண்மைதான். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொன்னது. தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம் அது. ஆனால் பெயரில் இல்லாததை வேறு வழியில் தெரிந்துகொள்ள நாம் பழகிவிட்டோம். "சொந்த ஊர் எது?" "ஊருக்குள்ளேயா, காலனியா?" "குலதெய்வம் எது?" நேர்காணலில் இந்தக் கேள்வி ஒன்று விழுந்தால், கேட்டவர் பேச்சுவாக்கில் கேட்டிருக்கலாம். பதில் சொல்பவருக்கு அது பேச்சுவாக்கு இல்லை. அவர் தொண்டை ஒரு கணம் அடைபடும்.

இன்னொரு வழக்கமும் வாசலை அடைக்கிறது. பல கம்பெனிகளில், கடைகளில், 'தெரிந்தவர் மூலம்' ஆள் எடுப்பதுதான் முறை. நம்பிக்கையான ஆள் வேண்டும் என்பது முதலாளியின் நியாயமான கவலை. ஆனால் நமக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நம் தெருவில், நம் சொந்தத்தில், நம் கல்லூரியில் இருப்பவர்களே. யாரையும் வெறுக்காமல், யாரையும் ஒதுக்க நினைக்காமல், ஒரே மாதிரி ஆட்களால் ஒரு அலுவலகம் நிரம்பிவிடும். வேலை காலியாக இருப்பதை வெளிப்படையாக அறிவிப்பது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது, ஒருவர் மட்டும் முடிவெடுக்காமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுப்பது: இந்த மூன்றும் பெரிய செலவில்லாத மருந்துகள்.

ஒரே விதி, வேறு விளைவு

"எல்லோருக்கும் ஒரே விதி வைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக உச்ச நீதிமன்றத்தின் 2021 மார்ச் மாதத் தீர்ப்பு ஒன்றைச் சொல்லலாம்.

ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி பெரும்பாலான பிரிவுகளில் மறுக்கப்பட்டு வந்தது. தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் ராணுவம் பெண்களைப் பரிசீலித்தது. ஆண்களுக்கு வைத்த அதே உடற்தகுதி அளவுகோலை அவர்களுக்கும் வைத்தது. ஒரே விதி. ஆனால் ஆண்கள் அந்தச் சோதனைக்கு நின்றது பணியில் சேர்ந்த ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில், இளம் வயதில். பெண்களோ அத்தனை ஆண்டு மறுக்கப்பட்டு, இப்போது நாற்பதைத் தாண்டிய வயதில் அதே சோதனைக்கு நிறுத்தப்பட்டார்கள். அவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளும், 'இவர்களுக்கு எப்படியும் நிரந்தரப் பணி இல்லை' என்ற நினைப்பிருந்த காலத்தில் எழுதப்பட்டவை. இதைத்தான் நீதிமன்றம் மறைமுகப் பாகுபாடு என்றது. விதியை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்பது கேள்வியே இல்லை. விதி யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு. குடிமைப் பணித் தேர்வு எழுத வந்தவருக்கு, பேனா பிடித்து எழுத முடியாதபடி கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் குறைபாடு. தான் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். குறிப்பிட்ட சில வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, உங்களுக்கு இல்லை என்று மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அறிவைச் சோதிக்கும் தேர்வில் கை இழுத்துக்கொள்வது ஏன் தடையாக வேண்டும்? சொல்வதை எழுத ஒருவர் உதவினால் கேள்வித்தாள் எளிதாகிவிடாது. விடையும் அவருடையதுதான்.

சட்டம் இதை 'நியாயமான ஏற்பாடு' என்ற பொருளில் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது. அரசு வேலையில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 4 ஆக்கியது. பார்வையற்ற ஊழியருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாசலில் சாய்தளம், காது கேளாதவருக்குக் கூட்டத்தின் முடிவுகளை எழுதிக் கொடுப்பது என்று ஏற்பாடு ஆளுக்கு ஆள் மாறும். என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்பதுதான் முதல் படி. பல இடங்களில் இந்தப் படியைத்தான் தாண்டிவிடுகிறார்கள்.

பெண்களின் விஷயத்தில் இந்தச் சமநீதிக்கு ஒரு சிக்கலான பாடம் உண்டு. 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. அருமையான திருத்தம். ஆனால் அந்த விடுப்புச் சம்பளத்தை முழுவதும் முதலாளியே தர வேண்டும் என்றிருந்ததால், "கல்யாணமான பெண்ணை எடுத்தால் செலவு" என்று கணக்குப் போடும் சிறு கம்பெனிகள் பெண்களைத் தவிர்க்கும் என்ற கவலை அப்போதே எழுந்தது. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. பிள்ளை பெறுவது சமூகத்துக்கே தேவையான காரியம். அதன் செலவு ஒரு சிறு முதலாளியின் தலையில் மட்டும் விழுந்தால், கடைசியில் அது அந்தப் பெண்ணின் வேலையில்தான் போய் முடியும். ஏற்பாடு செய்யும்போது அதன் பாரத்தை யார் சுமக்கிறார் என்றும் யோசித்துச் செய்ய வேண்டும்.

உள்ளே வந்த பிறகு

வேலை கிடைத்துவிட்டது. வசதியும் ஓரளவு இருக்கிறது. ஆனாலும் ஒருவர் ஆறே மாதத்தில் விலகிப் போகிறார். ஏன்? இந்த இடத்தில்தான் மூன்றாவது சொல்லின் வேலை தொடங்குகிறது.

மதிய உணவுக்கு எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது, ஒருவருடைய சாப்பாட்டைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது. திருநங்கை ஊழியரைக் கூப்பிட வேண்டிய பெயர் அட்டையிலேயே இருந்தும் பழைய பெயரால் கூப்பிடுவது. கருத்த பெண்ணுக்கும் குள்ளமான பையனுக்கும் பட்டப்பெயர் வைப்பது. முக்கியமான முடிவுகளை இரவு ஒன்பது மணிக்கு டீக்கடையில் பேசி முடித்துவிட்டு, மறுநாள் காலைக் கூட்டத்தில் பெண்களிடம் தெரிவிப்பது. இவற்றில் எதற்கும் எழுத்தில் விதி இருக்காது. ஆனால் 'நீ இந்த இடத்துக்கு உரியவள் இல்லை' என்பதை இவை தினமும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதைவிடக் கொடிய பக்கமும் உண்டு. ராஜஸ்தானில் அரசின் கிராமப்புறத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவர் தாக்கப்பட்டது தன் கடமையைச் செய்ததற்காக. அதன் தொடர்ச்சியாகப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. அவை 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாயின. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைமை ஏற்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை பார்ப்பவர்களும், வீட்டு வேலை செய்பவர்களும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். உங்கள் அலுவலகத்தில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள்.

திருநங்கைகளுக்குத் தமிழ்நாடு 2008-இலேயே நல வாரியம் அமைத்தது. அப்படிப்பட்ட மாநிலத்தில்கூட, பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோது முதலில் நிராகரிக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் தலையிட்ட பிறகே அவருக்கு வழி பிறந்தது. 2017-இல் சீருடை அணிந்தார். அவருக்குத் திறமை இல்லாமல் இல்லை. அவரைப் போன்ற ஒருவர் வருவார் என்று தேர்வு முறையை வகுத்தவர்கள் யோசித்திருக்கவில்லை.

நாற்காலிக்கு ஒரு சட்டம்

இப்போது ஜவுளிக்கடைக்குத் திரும்பலாம். நாள் முழுக்க நிற்பவரின் கால் என்னாகும்? இரத்தம் கீழே தேங்கி, மாலையில் பாதம் வீங்கும். சில ஆண்டுகளில் கெண்டைக்காலில் நாளங்கள் முடிச்சு முடிச்சாகப் புடைக்கலாம். இடுப்புவலி வரும். கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அது சிறுநீர்த் தொற்றில் போய் முடியலாம்.

கழிவறைக்கான குரலாகத் தொடங்கித்தான் கேரளத்தில் இந்தப் போராட்டம் வளர்ந்தது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் தையல்காரரான பி. விஜி 'பெண்கூட்டு' என்ற பெயரில் திரட்டினார். முதலில் கழிவறை கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018-இல் கேரள அரசு கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், தொழிலாளர் நல அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நின்று வேலை பார்க்கும் தொழிலாளருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. அதே உரிமை தமிழ்நாட்டுக் கடைக்கு வந்து சேர 73 ஆண்டுகள் ஆயின. தொழிற்சாலையில் சங்கம் இருந்தது; ஆய்வாளர் வந்தார். கடையில் வேலைக்கு வந்தவர்களோ பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த பெண்களும் பையன்களும். சிலர் கடை ஏற்பாடு செய்த விடுதியிலேயே தங்கியவர்கள். அவர்கள் நிற்பதை லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நிற்பது அந்த வேலையின் இயல்பு என்றே எடுத்துக்கொண்டோம்.

நல்ல மனசு இருந்தால் போதும், சட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்தக் கடைக்காரர்களில் நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பொங்கலுக்குத் துணி கொடுத்தார்கள், கல்யாணத்துக்கு உதவினார்கள். ஆனால் ஸ்டூல் போடவில்லை. நல்ல மனசு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். ஏற்பாடு மாறாது. ஸ்டூல், சாய்தளம், கழிவறை, காப்பகம், புகார்க் குழு எல்லாம் அப்படிப்பட்ட ஏற்பாடுகள். மூன்று பெரிய சொற்களைத் தரையில் இறக்கி வைத்தால் கிடைப்பவை இவைதான்.

கடைக்கு வெளியே

சமூகத்துக்கும் இதே கணக்குதான். மெரினா கடற்கரை எல்லோருக்கும் பொது. யாரும் யாரையும் தடுத்ததில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வந்தவர் சர்வீஸ் சாலையிலேயே நின்று, தூரத்து அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மணலில் சக்கரம் புதைந்துவிடும். 2022 நவம்பரில் சென்னை மாநகராட்சி 263 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பாதை போட்டது. அதன் வழியே பலர் அலைக்கு அருகே போனார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது, பழுதுபார்க்க வேண்டியிருந்தது. ஏற்பாடு செய்தால் மட்டும் போதாது, அதைத் தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டும் என்பதற்கு அந்தப் பாதையே பாடம்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பூக்காரருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கும் மாதச் செலவில் பெரிய தொகை மிச்சமானது. இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி, கொஞ்சம் கூடுதல் சம்பளம் தரும் வீட்டில் வேலை தேடலாம் என்ற துணிவு வந்தது. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், பேருந்து, விடுதி என்று பல ஏற்பாடுகள் சேர்ந்து அவர்களை வாசல் தாண்ட வைத்திருக்கின்றன.

கடைசியாக நம் வீடு. வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? அவர் நம் வீட்டுக் கழிவறையைக் கழுவலாம், பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறதா? அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குத் தனி லிஃப்டா? வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் "சைவமா?" என்று கேட்கும்போது உண்மையில் எதைக் கேட்கிறோம்? அலுவலகத்தில் சமநீதி பேசிவிட்டு வந்து வீட்டில் அந்த டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தால், நாம் பேசியது எதுவும் நம் மனதில் இறங்கவில்லை என்றே பொருள்.

வழக்கமாக எழும் இரண்டு கேள்விகள்

'தகுதி குறைந்துவிடாதா?' தகுதி என்பது எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசுவது விற்பனை மேலாளருக்குத் தேவைப்படலாம். கணக்கருக்கு அது எதற்கு? வேலைக்கு உண்மையில் தேவையானதை மட்டும் எழுதி, அதை மட்டும் சோதித்தால் தகுதி கூடவே செய்யும். அதுவரை கண்ணில் படாத திறமைசாலிகளும் வரிசைக்கு வருவார்கள்.

'சின்னக் கடைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?' சில ஏற்பாடுகளுக்குச் செலவு உண்டு. அங்கே அரசு தோள் கொடுக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் விலை, கடையில் ஒரு சாதாரணச் சேலையின் விலைகூட இருக்காது. ஷிப்டு நேரத்தை ஒரு வாரம் முன்பே சொல்வதற்கும், கூட்டத்தைப் பகலில் வைப்பதற்கும், பட்டப்பெயரை நிறுத்துவதற்கும் காசே வேண்டாம். பழகிய ஆள் விலகிப் போய், புது ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் எந்த முதலாளிக்கும் பெரிய செலவு.

தொடங்க நினைப்பவர் மூன்று கேள்விகளோடு தொடங்கலாம். இந்த இடத்தில் யார் இல்லை? இருப்பவர்களில் யாருக்கு எது இடைஞ்சலாக இருக்கிறது? அதைச் சொல்ல அவர்களுக்குப் பயமில்லாத வழி இருக்கிறதா? பதிலை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சென்ற ஆடித் தள்ளுபடியின்போது அம்மாவோடு வேறொரு கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் நான்கு ஸ்டூல்கள் இருந்தன. சட்டம் வந்து சேர்ந்திருக்கிறது என்று மகிழ்ச்சியாக இருந்தது. அருகே போய்ப் பார்த்தால், மூன்றில் சேலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நான்காவதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "உட்கார்ந்தே காட்டும்மா" என்றார் அம்மா. அந்தப் பெண் முதலில் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகே உட்கார்ந்தார்.

ஸ்டூல் வந்துவிட்டது. அந்தத் திரும்பிப் பார்த்தல் இன்னும் போகவில்லை. சட்டத்தால் முதலாவதைக் கொண்டுவர முடிந்தது. இரண்டாவதைப் போக்க அந்த சூப்பர்வைசரும், முதலாளியும், எதிரே உட்கார்ந்து சேலை பார்க்கும் நாமும் சேர்ந்தாக வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலைச்சீட்டோடு சேர்த்து அந்த ஸ்டூலையும் பாருங்கள். பெட்டி இருந்தால், எடுத்துக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.